சல்லிசாய் வந்த படகு

என் கொழுந்தன் படகு வாங்கிவிட்டான் என்று தெரிந்த அன்று, என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"தாராவியில இருந்துக்கிட்டு ஒருத்தன் படகு வாங்குதான்னா எதுக்கு வாங்குதான்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும்," என்றார்.

எனக்கும் தெரியும். அறுபதுகளில் பம்பாயில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் பக்கத்துச் சந்துகளில் காய்ச்சிய சாராயம் லாரி ட்யூபுகளில் அடைபட்டுப் பட்டணமெங்கும் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் கொண்டுபோனால் போலீஸ் மறிக்கும். மாஹிம் உப்பங்கழியில், சதுப்புச் செடிகளின் மறைவில் கொண்டுபோனால் அவ்வளவு கெடுபிடி கிடையாது. அதனால் மீன் பிடிக்கிற கோலி சாதிக்காரர்களைத் தவிர வேறு யார் படகு வைத்திருந்தாலும் எங்கள் ஆட்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

நாங்கள் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பில் ஓர் அறையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். தூத்துக்குடியிலிருந்து முதலில் வந்தவர் அவர்தான். அவர் தம்பி அங்கே கொழும்புக்குப் போகிற தோணிகளில் வேலை பார்த்தவன். தோணி வேலை குறைந்ததும் அண்ணனைத் தேடி வந்தான். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் சேர்த்துவிட்டோம். சுண்ணாம்புத் தொட்டி நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கிருந்து நின்றுவிட்டான். அதற்குப் பிறகு பகலில் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டால் சிரிப்பான். இப்போது படகு.

"மணல் ஏத்துததுக்கு அண்ணே," என்றான். "பாந்த்ரா பக்கம் பூரா கட்டடமா கெளம்புது. கழியில அள்ளுத மணலக் கொண்டு போக படகு பத்தல."

"யாருகிட்ட வாங்குன?"

"நம்ம கேம்புக்கு மீன் கொண்டு வருமே, அந்த கோலி அம்மா. சல்லிசாத்தான் குடுத்துச்சு."

"சல்லிசா குடுக்கான்னா அதுல சூது இருக்கும்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மூவரும் பார்க்கப் போனோம். கோலிகள் குடியிருக்கிற தாராவி கோலிவாடாவுக்குப் பின்னால், கழியின் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. எங்கள் அறையைவிட நீளம். கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்து அடிப்பலகையில் குத்தினான். டீயில் நனைந்த பாவ் ரொட்டியில் இறங்குவது மாதிரி இறங்கியது. உள்ளே விலா எலும்புகள் மாதிரி வளைந்து நிற்கிற வங்குக் கட்டைகளில் குத்தினான். கத்தி முனை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வங்கு பூராவும் நல்லா இருக்கு. அடிப்பலகையும் மூட்டுகளும்தான் போச்சு. பலகை மாத்தி, கலப்பத்து போட்டா ஓடும்." கலப்பத்து என்றால் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி அடைப்பது. அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

விற்றவள் கொஞ்ச தூரத்தில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. நான் பம்பாயில் பிறந்தவள், முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் மராத்தி படித்தவள். அதனால் நான்தான் போய்ப் பேசினேன். மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். படகு யாருடையது, எத்தனை வருஷமாய்ச் சும்மா கிடக்கிறது என்று கேட்டேன்.

"என் வீட்டுப் படகு. இப்போது உங்களுடையது," என்றாள். நாங்கள் திரும்பிப் போகும்வரை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பலகை வாங்கத் தம்பி பணம் கேட்டிருந்தான். கொடுக்காவிட்டால் வேறு யாரிடமாவது போவான். கொடுத்தால் என்ன செய்வானோ.

"ஏளா, நீ கூடப் போ. அவனுக்கு இங்கத்த பேச்சு வராதுன்னு சொல்லிக்கிட்டுப் போ. என்ன வாங்குதான், யாருகிட்டப் பேசுதான்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அப்படித்தான் நான் மரம் வாங்கப் போனேன்.

ரே ரோடு மரக்கடைக்காரர் கட்ச் பக்கத்து சேட். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே விலை சொல்வார். கொழுந்தன் முதலில் புதுத் தேக்குப் பலகையின்மேல் கையை வைத்தான். சேட் விலை சொன்னதும் சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொண்டான். மாமரப் பலகை மலிவு. "ரெண்டு மழைக்குத் தாங்காது மைனி, புழு குடைஞ்சிரும்," என்றான். பெட்டி அடிக்கிற வெள்ளை மரத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பழைய கப்பல் மரம் பார்க்கிறீர்களா?" என்று சேட்டே சொன்னார். பக்கத்தில் தாருகானாவில் பழைய கப்பல்களை உடைப்பார்கள். அங்கே தளத்திலிருந்து பெயர்த்த தேக்கு கிடைக்கும். இப்படி வந்த வியாபாரத்தை வேறொருவனிடம் அனுப்புகிறாரே என்று எனக்கு உறுத்தியது. அங்கேயும் இவருக்குப் பங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருந்ததோ இல்லையோ.

தாருகானாவில் பலகைகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாம் பார்க்க நன்றாக இருந்தன. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் புரட்டிப் போடச் சொன்னேன். விற்கிறவன் முனகிக்கொண்டே புரட்டினான். அடிப்பக்கத்தில் போல்ட் துளைகள், தீய்ந்த தழும்புகள். ஒரு பலகையில் நீளமாக ஒரு கோடு மட்டும் மற்ற இடத்தைவிட வழுவழுவென்று இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து நோண்டினேன். மரத்தூளும் மெழுகும் சேர்த்து அடைத்த அடைப்பு நூல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே விரல் நுழைகிற விரிசல்.

"மைனி, நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும்," என்றான் கொழுந்தன்.

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னானோ என்று இருந்தது.

ஒட்டுப் போட ஆகிற குட்டைத் தேக்குத் துண்டுகளை அங்கே பொறுக்கினோம். கூடவே அவன் மெல்லிய பலகைகள் கொஞ்சம் எடுத்து வைத்தான். எதற்கு என்றேன். உள்ளே தளம் போட என்றான். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் மனதில் குறித்துக்கொண்டேன்.

நீளமான அடிப்பலகைக்கு மறுபடியும் சேட்டிடமே வந்தோம். கொட்டகைக்குப் பின்னால் மழையில் கிடந்து சாம்பல் நிறமாகிப்போன பலகைகளைக் காட்டினார். "ஐன்," என்றார். "படகுக்குப் போடுகிற மரம். தேக்கில் பாதி விலைகூட இல்லை."

கொழுந்தன் முகம் மலர்ந்தது. "அயினி, மைனி! எங்க ஊருப் பக்கம் வள்ளத்துக்கு அயினிதான். தண்ணியில கெடந்தாலும் கல்லு மாதிரி இருக்கும்." விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், எச்சில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தான். வாங்கினோம்.

நான் ரயிலேறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். அவன் மரத்தைக் கைவண்டியில் ஏற்றி, வண்டிக்காரனோடு நடந்தே கொண்டுவந்து படகுக்குப் பக்கத்தில் இறக்கினான். பொழுது சாய்ந்துதான் வந்தான்.

மறுநாள் நான் சோறு கொண்டுபோனபோது ஒரு பலகையைப் பாதி இழைத்துவிட்டு, இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். இழைத்த இடம் கருத்த காப்பி நிறத்தில், வரி வரியாக இருந்தது.

"மைனி, இது அயினி இல்ல. அயினின்னா மஞ்சளா இருக்கும். இந்தக் கனமும் இருக்காது."

"நீதான பாத்து வாங்குன?"

"மேல பூரா மழையில சாம்பலாக் கெடந்துச்சு. எல்லா மரமும் அப்படிக் கெடந்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வழியில மாத்திட்டான். நல்ல மரத்த எங்கயோ இறக்கிட்டு இத ஏத்திக்கிட்டு வந்திருக்கான். நீ ஏன் ரயில்ல வந்த?"

அப்படி இருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேட் ஏமாற்றியிருக்கலாம். வண்டிக்காரன் ஏமாற்றியிருக்கலாம். கொழுந்தன் ஏமாற்றியிருந்தால் அவனே எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் சந்தேகம் வராது என்று சொல்லியிருப்பானோ? இப்படியே விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன்.

இதற்கிடையில் மாவ்ஷி தினமும் அங்கே வர ஆரம்பித்திருந்தாள். மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு வந்து, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, வேலை நடப்பதைப் பார்ப்பாள். பேச மாட்டாள். சரி பண்ணி முடிந்ததும் படகு என்னுடையது என்று வந்து நிற்கப்போகிறாள் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். விற்றதற்கு எங்களிடம் என்ன சாட்சி?

ஆனாலும் மரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. இழைத்த பலகையைக் காட்டி, இது என்ன மரம் மாவ்ஷி என்றேன்.

"ஐன்," என்றாள் யோசிக்காமல்.

எழுந்து வந்து, இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்துப் படகின் பழைய வங்கு ஒன்றைச் சுரண்டிக் காட்டினாள். அதே கருத்த நிறம். அதே வரி.

அப்போதுதான் புரிந்தது. மராத்திக்காரர்கள் ஐன் என்பது வேறு மரம். ஊர்ப்பக்கத்தில் மருது என்பார்களே, அந்தச் சாதி. சேட் ஐன் என்று சொல்லி ஐன்தான் கொடுத்திருந்தார். கொழுந்தன் காதில் அது அயினி என்று விழுந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை.

"நல்ல மரம்தானா?" என்றேன்.

"நல்ல மரம். ஆனால் வெயிலில் வைத்தால் முனையிலிருந்து பிளக்கும். பலகையை அடித்து முடிக்கும்வரை சேற்றில் போட்டு வை."

படகை விற்றவளே மரத்துக்கும் யோசனை சொல்கிறாளே என்று யோசித்தேன். சேற்றில் புதைத்தால் அவளுடைய ஆட்கள் எடுத்துக்கொண்டு போகலாமே. இருந்தாலும் அவள் சொன்னதைக் கொழுந்தனிடம் சொன்னேன். அவன் பலகை முனைகளைப் பார்த்தான். ஏற்கெனவே மயிரிழை மாதிரி கீறல் விட்டிருந்தது. இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் அழுத்திப் புதைத்தான்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது பலகைகளைக் காணோம்.

"வித்துட்டியால?"

"சேத்துக்குள்ள இருக்கு அண்ணே."

அவர் நம்பவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, கையை விட்டு ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். கரையேறியபோது பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை பாதி கறுப்பாகியிருந்தது. மாவ்ஷி கல்லின்மேல் உட்கார்ந்தபடியே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பலகைகளை அடித்து முடித்ததும் கலப்பத்துக்கு வந்தோம். பஞ்சுக்குப் பெரிய அலைச்சல் இல்லை. தாராவியில் மில் கழிவு நூல் வாங்கி விற்கிற கடை இருந்தது. அதைத் திரித்து எண்ணெயில் ஊறப்போட்டான். குங்கிலியம்தான் தொல்லை. மஸ்ஜித் பந்தரில் ஒரு கடையில், அங்கத்திய பேர்படி ராள் என்று கேட்டு விசாரித்தோம். முதலில் காட்டிய சரக்கு எங்களுக்கு எட்டாத விலை. "அதே ராள்தான், கொஞ்சம் பொடிந்தது, அதனால் மலிவு," என்று வேறொரு மூட்டையைப் பிரித்தான் கடைக்காரன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். அடுப்பிலிருந்த கரிமேல் ஒரு சிட்டிகை போட்டார். குங்கிலியம் என்றால் கோயில் தூபம் மாதிரி வாசம் வர வேண்டும். இது மூக்கைக் குத்தியது.

"இது ராசன்ல, பைன் மரத்துப் பிசின். நாங்க ஒர்க்ஷாப்புல ஈயம் பத்த வைக்கும்போது போடுவோம். காய்ஞ்சா சில்லுச் சில்லா ஒடையும். இதப் போட்டு அடைச்சா ரெண்டு அலைக்குத் தாங்காது." தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சு வாங்குனியா, தெரியாம வாங்குனியா?"

"தெரியாமத்தாம்ணே."

இந்த ஒரு தடவை அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் மறுநாள் வேலை முடிந்து அவரே எங்களோடு மஸ்ஜித் பந்தருக்கு வந்தார். கடைக்காரன் முன்னால் ஒரு துண்டைத் தீக்குச்சியில் கொளுத்திக் காட்டினார். கடைக்காரன் அலட்டிக்கொள்ளவில்லை. இதையும் ராள் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் எது வேண்டும் என்று கேட்கவில்லை என்றான். சண்டை போட்டு, அதைத் திருப்பிக் கொடுத்து, நல்ல குங்கிலியம் கொஞ்சமாக வாங்கினோம். இடுக்குகளுக்கு மட்டும் குங்கிலியம், வெளிப்பக்கம் முழுவதும் தார் என்று பேசிக்கொண்டோம். தார் மலிவு.

அந்தத் தாரில்தான் விஷயம் வெளியே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் நான் சோற்றுத் தூக்கோடு போனபோது படகுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்று கொழுந்தனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். கேம்பில் பார்த்த முகம் இல்லை. சேற்றுப் பக்கம் வருகிறவர் போடுகிற செருப்பும் இல்லை. என்னைக் கண்டதும் போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் ஒரு புது டின் தார் இருந்தது.

"யாரு தம்பி அது?"

"தெரிஞ்சவரு மைனி."

"தாருக்கு என்ன குடுத்த?"

"சும்மாதான் குடுத்தாரு."

பம்பாயில் யாரும் யாருக்கும் ஒரு டின் தாரைச் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை. படகுக்குள் எட்டிப் பார்த்தேன். தாருகானாவில் வாங்கிய மெல்லிய பலகைகள் ஓரமாய் அடுக்கியிருந்தன. மணல் ஏற்றுகிற படகின் தளத்தில் மண்வெட்டி விழும். அதற்கு யாராவது இவ்வளவு மெல்லிய பலகை போடுவார்களா? வங்குகளுக்குமேல் இவற்றைப் பரப்பினால், அடியில் ட்யூபுகளைப் படுக்கவைக்கிற அளவு இடம் இருக்கும். கையை விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும், அவனையும் உட்கார வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் பேசுவது எனக்குச் சலித்துப்போயிருந்தது.

"அந்த ஆளு கேட்டான்," என்றான் கொழுந்தன். "தளம் போட்டுத் தந்தா மாசா மாசம் வேலை தாரேன்னான். நான் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"டின்ன வாங்குனேல்லா," என்றார் என் வீட்டுக்காரர். "அதுதாம்ல சரின்னு சொல்லுதது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வா," என்றார். இரண்டு பேரும் போய்ப் படகிலிருந்த டின்னை எடுத்துக்கொண்டு எங்கோ போனார்கள். திரும்பி வந்தபோது டின் இல்லை. அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே என்னிடம் சொல்லவில்லை. மெல்லிய பலகைகளை நானே போய் எடுத்துவந்து, சமையல் சாமான் வைக்கப் பரண் அடிக்கச் சொன்னேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது போலீஸ் வந்தது. நான் அங்கே இருந்தேன். ஒரு ஹவல்தாரும் கூட ஒருவரும். நேராகப் படகுக்குத்தான் வந்தார்கள், யாரோ கையைக் காட்டிவிட்ட மாதிரி. இரும்புக் கம்பியை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் தட்டினார்கள். பழைய படகில் எதற்குப் புது மரம், இந்த மதராஸிக்குப் படகு எதற்கு என்று கேட்டார்கள். மராத்தியில் நான் பதில் சொன்னேன். புதிதாக அடைத்திருந்த இடுக்கு ஒன்றைக் கம்பியால் நெம்பினார்கள். பஞ்சுத் திரி நீளமாய் வெளியே வந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. போய்விட்டார்கள்.

தூரத்தில் மாவ்ஷி நின்றுகொண்டிருந்தாள். அன்று அவளிடம் கூடை இல்லை.

மறுநாள் அவளாகவே என்னிடம் வந்தாள். "போலீஸுக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நாளில் அவள் நேராகச் சொன்ன முதல் விஷயம் அதுதான் என்று தோன்றியது. உட்காரச் சொன்னேன்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அவள் வீட்டுக்கும் வந்தவர்தானாம். இதே படகில் அவள் புருஷன் அவருடைய சரக்கைக் கொண்டுபோயிருக்கிறான். பிடிபட்டது புருஷன் மட்டும். அவன் ஜெயிலுக்குப் போனான், படகு சேற்றில் கிடந்து உளுத்தது. போலீஸ் கண்ணில் பட்ட படகு என்று கோலிவாடாவில் யாரும் வாங்கவில்லை.

"நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் அனுப்பி வந்தவர்களாகக்கூட இருக்கலாம் என்று தினமும் வந்து பார்த்தேன். கடைசியில் அவனே வந்து நின்றான்," என்றாள்.

"அவ்வளவு வெறுப்பு இருந்தால் படகை உடைத்து அடுப்பெரித்திருக்கலாமே மாவ்ஷி? ஏன் விற்றாய்?"

"சாப்பிட வேண்டாமா?" என்றாள்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அவ சொல்லுததையும் எப்படி நம்புதது?" என்றார். ஆனால் குரலில் பழைய கடுப்பு இல்லை.

தார் போய்விட்டதால் வெளிப்பூச்சுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெய் போடு என்று மாவ்ஷிதான் சொன்னாள். கொங்கண் பக்கமிருந்து டின்னில் வரும், தாரைவிடப் பூச்சி அண்டாது, விலையும் அதிகமில்லை என்றாள். குச்சியில் துணி சுற்றித்தான் தடவ வேண்டும், கை படக்கூடாது என்றும் சொன்னாள். நானும் அதை இவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒர்க்ஷாப்பில் பார்க்காத எண்ணெயா என்று வெறுங்கையால் அள்ளிப் பூசினார். மறுநாள் இரண்டு கையும் கொப்பளித்து, பிடித்து வைத்த சோற்றுருண்டை மாதிரி ஆகிவிட்டது. சோறு நான் ஊட்டினேன். "அந்தப் பொம்பள வேணும்னேதான் சொல்லிருக்கா," என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்த பின், நல்ல கடல் ஏற்றத்தில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். கோலிவாடா ஆட்கள் நாலைந்து பேர் கை கொடுத்தார்கள். மாவ்ஷி கூப்பிட்டிருப்பாள். என் வீட்டுக்காரர் மனதுக்குள் ஜெபம் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்தேன். படகு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஊற ஆரம்பித்தது.

"அப்பவே சொன்னேன்ல," என்றார்.

"மரம் ஊதணும் அண்ணே. பொறுங்க."

அப்படியே கட்டிவிட்டு வந்தோம். ராத்திரி அவன் வீட்டில் தங்கவில்லை, படகுப் பக்கத்திலேயே கிடந்தான். காலையில் நான் டீ கொண்டுபோனபோது, இறைத்து ஊற்றிவிட்டுக் காலியான தகர டப்பாவைக் காட்டினான். ஐன் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. கம்பியால் நெம்பிய இடத்தில் மட்டும் கண்ணீர் மாதிரி கசிந்தது. மிச்சமிருந்த குங்கிலியத்தைக் காய்ச்சி அதையும் அடைத்தான்.

படகு மணல் ஏற்றியது. மணலைத் தவிர அதில் வேறெதையும் நான் பார்த்ததில்லை. பார்க்கவும்தான் செய்தேன், வருகிற போகிற சமயமெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பேன். அன்று நான் அந்த டின்னைக் கண்டிருக்காவிட்டால் என் கொழுந்தன் அந்தத் தளத்தைப் போட்டிருப்பானா, மாட்டானா என்பது எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்டால், போட்டிருக்க மாட்டேன் என்றுதான் சொல்வான். வேறென்ன சொல்வான்?

அடுத்த வருஷம் மாவ்ஷியின் புருஷன் வெளியே வந்தான். மெலிந்த ஆள், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். ஒரு நாள் வந்து படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடியில் கையை விட்டுத் தடவினான். கொழுந்தன் துடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். படகைத் திருப்பிக் கேட்கப்போகிறான் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். என்ன எண்ணெய் பூசினீர்கள் என்று கேட்டான். சொன்னோம். பிறகு, கழியில் மணல் எந்த இடத்தில் திரளும், எப்போது இடம் மாறும் என்று தனக்குத் தெரியும், கூலிக்கு வரட்டுமா என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் கூடாது என்றார். ஜெயிலுக்குப் போனவனைச் சேர்த்தால் போலீஸ் மறுபடியும் வரும் என்றார். கொழுந்தன் சேர்த்துக்கொண்டான். இரண்டு பேருமாய்ப் பல வருஷம் மணல் ஓட்டினார்கள். கூலியை மட்டும் தன் புருஷன் கையில் கொடுக்கக் கூடாது என்று மாவ்ஷி முதல் நாளே என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் கேம்புக்கு வந்து, என் வாசலில் கூடையை இறக்கி வைத்து, அவளே வாங்கிக்கொண்டு போவாள்.